புதுப்பாளையம் எங்கே இருக்கிறது?

ஜோஹானஸ்பர்க் நகரில் வள்ளியம்மையின் சமாதியைத் தரிசித்ததைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து ஒரு பகல் முழுதும் மோட்டாரில் பிரயாணம் செய்து டர்பனுக்கு வந்து சேர்ந்தேன்.

டர்பன் கடற்கரையில் முதன்முதலாகக் கண்ணைக் கவர்பவை ரிக்ஷாக்கள். இழுப்பவர் ஜூலு இனத்தவர். கொம்புகளும் பாசிமணிகளும் சேர்த்துக் கட்டிய பெரிய கிரீடத்தைத் தலையில் தரித்துக்கொண்டு துள்ளித் துள்ளி ஓடுகிறார். மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறி உட்கார எனக்கு மனம் வரவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு உரிய காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மிளகாய்த் தூளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து விற்கிறார்கள். அதில் மிகக் காரமான ரகத்துக்கு ‘மாமியாரை ஒழிக்கும் மஸாலா’ என்று பெயர்! பழைய தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவற்றுள் இந்த விரோதமும் ஒன்று போலும்.

கப்பல் என்றதும் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை இங்கே கொணர்ந்து இறக்கியது. ஐந்து வருஷ ஒப்பந்தம். கரும்புத் தோட்ட வேலை. 1911-இல் இந்த முறை நிற்பதற்குள் வந்தவர் தொகை 1,52,184. அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, கிராமம் எல்லாவற்றையும் வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் பதிவு செய்தார்கள். காதில் விழுந்தபடி எழுதியதால் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். இன்றும் டர்பன் கடைப் பலகைகளில் அவர் கோவெண்டராகவே வியாபாரம் செய்கிறார்.

அந்தப் பதிவின் நகல் ஒன்றைத்தான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மூதாட்டி என் முன் விரித்தார். 1950-இல் வந்த நிறவெறிச் சட்டத்தின் பலனாக, 1960-களில் இந்தியர்களைப் பழைய வீடுகளிலிருந்து கிளப்பிக் குடியேற்றிய பேட்டை அது. அம்மையார் கேட்டோ மானரில் பிறந்தவர். அந்த வீடும் மாமரமும் இப்போது இல்லை என்றார். பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் பாட்டியை மட்டும் ‘ஆயா’ என்றே குறிப்பிட்டார். வாசலில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நீங்கள் தமிழ் நாட்டு உபாத்தியாயர். இந்த ஊர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்” என்றார்.

பூட்டனார் பெயருக்கு எதிரே, வயது இருபத்திரண்டு, இடது முழங்காலில் தழும்பு, வட ஆற்காடு ஜில்லா, புதுப்பாளையம் என்று இருந்தது. தாலுகா இருக்க வேண்டிய இடத்தில் மை கலைந்து போயிருந்தது. எனக்குத் தொண்டை வறண்டது. அந்த ஜில்லாவே 1989-இல் இரண்டாகப் பிரிந்து படத்திலிருந்து மறைந்துவிட்டது. புதுப்பாளையமோ ஒன்றா, இரண்டா? செங்கத்துக்கு அருகே உள்ளதைச் சொல்லி அம்மையாரைச் சந்தோஷப்படுத்திவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. வகுப்பில் பையன்களிடம்கூடத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். ஆகவே உள்ளதைச் சொன்னேன்.

அம்மையார் முகம் வாடவில்லை. “போகட்டும், அந்தப் பக்கத்தில் என்ன விளையும்?” என்று கேட்டார்.

“நெல், கேழ்வரகு, நிலக்கடலை. தண்ணீர் உள்ள இடத்தில் கரும்பு.”

“கரும்பா?” என்று சிரித்தார். “அதை வெட்டவா இவ்வளவு தூரம் வந்தார்?”

பஞ்சத்தைப் பற்றியும், ஆள் பிடித்த தரகர்களைப் பற்றியும் நான் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவர் காகிதத்தைக் கவனமாக மடித்து உறையில் வைத்துவிட்டு, சேப்பங்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே எழுந்து போனார்.