பரிசு அன்றைக்கேவா? வேலை நிலைத்த பிறகா?

மாரத்தான் ஓட்டம் தெரியும். ஹாக்கத்தான் என்றால் என்ன?

அதுவும் ஓட்டம்தான். ஆனால் கால் ஓடாது. மூளை ஓடும். விரல் ஓடும்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிந்த ஆண்களும் பெண்களும் ஓர் இடத்தில் கூடுவார்கள். இரவு பகலாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று கெடு இருக்கும். கெடு முடிவதற்குள் புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். தூக்கம் வந்தால் மேசை மீதே தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1999-ம் ஆண்டு ஜூன் மாதம் கனடா நாட்டின் கால்கரி நகரில் 10 பேர் இப்படிக் கூடினார்கள். "ஓபன் பி.எஸ்.டி." என்ற இலவசப் புரோகிராமை எழுதி வந்த கூட்டம் அது. கம்ப்யூட்டரில் ரகசியங்களைக் காப்பாற்றும் வேலையை அங்கே செய்தார்கள். அமெரிக்காவில் கூடாததற்குக் காரணம் உண்டு. அந்த வகைப் புரோகிராம்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருந்தது. அது பரிசுப் போட்டி அல்ல. வேலை இருந்தது, கூடினார்கள்.

இன்றைய ஹாக்கத்தான்கள் பலவற்றில் பணம் முன்னால் வந்து நிற்கிறது.

கம்பெனிகளின் சன்மானம்

"எங்கள் கருவியை வைத்து நல்ல புரோகிராம் எழுதுங்கள். எழுதுகிறவருக்கு இத்தனை ஆயிரம் டாலர் சன்மானம்" என்று கம்பெனிகள் அறிவிக்கின்றன. ஒரே கூட்டத்தில் பல கம்பெனிகள் தனித்தனியே சன்மானம் வைப்பதும் உண்டு. கெடு முடிந்ததும் நடுவர்கள் வருவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடம். காட்டியது பிடித்திருந்தால் பணம். கூட்டம் கலைந்துவிடும்.

இதில் தப்பு இல்லை. பேரும் ஊரும் தெரியாத ஒரு மாணவன் தன் திறமையைக் காட்ட இது ஒரு வாசல்.

ஆனால் இரண்டு வியாதிகள் ஒட்டிக்கொண்டன. ஒன்று, சன்மானம் வைத்த எல்லாக் கம்பெனிகளின் கருவிகளையும் ஒரே புரோகிராமில் திணிப்பது. எது கிடைத்தாலும் லாபம் என்ற கணக்கு. இன்னொன்று, பணம் கைக்கு வந்த மறுநாளே அந்தப் புரோகிராமை அநாதையாக விட்டுவிடுவது.

சாதாரண விளையாட்டுப் புரோகிராம் என்றால் போகிறது என்று விட்டுவிடலாம். பலர் கம்ப்யூட்டர்களைக் கூட்டி நடத்தும் புரோகிராமில் அப்படி விட முடியாது.

ஊர் கூடி இழுக்கும் தேர்

ஒரு கம்பெனி பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தால் பொறுப்பு அந்தக் கம்பெனிக்கு. கோளாறு வந்தால் அவர்களைக் கேட்கலாம்.

வேறு ஒரு முறை இருக்கிறது. பல ஊர்களில், பல வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று நேரே பேசி, வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். நடுவில் முதலாளி கிடையாது. ஊர் கூடித் தேர் இழுப்பது போல. வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். தேர் யாருடையது என்றால் எல்லோருடையதும்.

தேரின் அச்சு முறிந்தால் யார் சரி செய்வது? அங்கேதான் சிக்கல்.

2016-ம் ஆண்டு இது நடந்தது. எதீரியம் என்ற அமைப்பு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கிறது. அதன் நாணயம் ஈதர். "டி.ஏ.ஓ." என்ற பொது நிதிக்குப் பலர் ஈதர் போட்டார்கள். அந்த நிதியை ஒரு புரோகிராம் நிர்வகித்தது. ஹாக்கத்தானில் எழுதியது அல்ல, நிதானமாக எழுதியதுதான். அதிலேயே ஓர் ஓட்டை இருந்தது.

ஒருவர் பணம் கேட்டால் அந்தப் புரோகிராம் முதலில் பணத்தைக் கொடுக்கும். பிறகுதான் அவர் கணக்கில் கழிக்கும். கழிப்பதற்குள் அவர் மறுபடியும் கேட்டால்? மறுபடியும் கொடுத்தது. கேட்கக் கேட்கக் கொடுத்தது. எந்த மளிகைக் கடைக்காரரும் செய்யாத தவறு.

ஜூன் 17-ந் தேதி ஏறக்குறைய 36 லட்சம் ஈதர் அந்த ஓட்டை வழியே போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 5 கோடி டாலர். அடுத்த மாதம் கணக்குப் புத்தகத்தையே மாற்றி, பணத்தைத் திருப்பினார்கள். "எழுதிய கணக்கை மாற்றலாமா?" என்று ஒரு பிரிவினர் கோபித்துக்கொண்டு பழைய புத்தகத்தோடு தனியே போனார்கள். ஒரு குடும்பம் இரண்டாயிற்று.

நிதானமாக எழுதிய புரோகிராமுக்கே இந்தக் கதி. 36 மணி நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் எழுதியதை, சில நிமிடம் பார்த்துவிட்டு, முழுச் சன்மானத்தையும் கொடுப்பது என்ன நியாயம்?

எண்ணுக்குக் கிடைத்த லட்சம் டாலர்

சன்மானம் கொடுக்க வேறு வழி உண்டா? உண்டு. முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

7, 13 போன்ற எண்களை 1-ஆலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. இவை பகா எண்கள். மிகப் பெரிய பகா எண்களைத் தேட 1996-ம் ஆண்டு ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர் "கிம்ப்ஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். வீட்டில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் இதற்குக் கொடுக்கலாம். வேலையைப் பங்கிட்டுத் தர ஒரு தலைமைக் கம்ப்யூட்டர் இருந்தாலும், கணக்குப் போடுவது ஊரார் கம்ப்யூட்டர்தான்.

1 கோடி இலக்கம் கொண்ட பகா எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 1 லட்சம் டாலர் என்று அமெரிக்காவின் எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் அறிவித்திருந்தது. 2008-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக் கம்ப்யூட்டர் ஒன்று அதைக் கண்டுபிடித்தது. எண்ணில் மொத்தம் 1 கோடியே 29 லட்சத்து 78 ஆயிரத்து 189 இலக்கங்கள்!

இரண்டே வாரம் கழித்து ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அதுவும் 1 கோடி இலக்கத்தைத் தாண்டியது. 14 நாளில் பரிசு கை நழுவியது. அந்த ஜெர்மானியர் செய்த வேலை மட்டமா? இல்லை. எந்த எண்ணைச் சோதிக்கக் கொடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இதை முன்பே உணர்ந்துதான் கிம்ப்ஸ் திட்டத்தார் பங்கீட்டு விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். கண்டுபிடித்த துறைக்குப் பாதி, 50 ஆயிரம் டாலர். தர்மத்துக்கு 25 ஆயிரம். மீதி, மற்றப் பகா எண்களைக் கண்டுபிடித்தவர்களுக்கும் திட்டத்துக்கும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் "இது இல்லை, இது இல்லை" என்று ஒதுக்கியதால்தான் ஒன்று "இதோ" என்றது.

இன்னொரு சங்கதி. எண் கிடைத்த அன்றே பணம் கொடுக்கவில்லை. சரிபார்த்தார்கள். நிபுணர்கள் பரிசீலித்த பத்திரிகையில் விவரம் வெளியாக வேண்டும் என்று விதி. 2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம்தான் பரிசு. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஒருபோதும் மாறாத எண்ணுக்கே இத்தனை நிதானம்.

ஆள் வருமா?

"பணத்தை நிறுத்தி வைத்தால் ஹாக்கத்தானுக்கு யார் வருவார்கள்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2024-ம் ஆண்டு 4 கோடியே 10 லட்சம் இலக்கம் கொண்ட பகா எண்ணை ஓர் அமெரிக்க வாலிபர் கண்டுபிடித்தார். பல நாடுகளில் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, கைக்காசு சுமார் 20 லட்சம் டாலர் செலவழித்தார். பரிசு 3 ஆயிரம் டாலர். அதையும் தான் படித்த பள்ளிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். எல்லோராலும் அது முடியாது. ஆனால் காசுக்காக மட்டும் ஆள் வருவதில்லை என்பது தெரிகிறது.

மாணவர்களின் கஷ்டமும் உண்மை. பஸ் செலவு, ரெயில் செலவு இருக்கிறது. ஆகையால் சன்மானத்தில் பாதியை அன்றைக்கே கொடுக்கட்டும். மறு பாதியை 6 மாதம் வைத்திருக்கட்டும். அதற்குள் புரோகிராமை வேறு நிபுணர்கள் சோதிக்கட்டும். ஓட்டைகளை அடைத்துத் தொடர்ந்து நடத்தினால் எழுதிய குழுவுக்கே அது போகட்டும். அவர்கள் விட்டுவிட்டு, வேறு ஒருவர் வந்து பழுது பார்த்திருந்தால் அந்த ஆளுக்குக் கொடுக்கட்டும். இந்த விதியைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

இதனால் கம்பெனிகளுக்கு ஒரு டாலர்கூட அதிகம் செலவாகாது.