கேமரா யாரை அண்ணாந்து பார்க்கிறது?

மாற்றுத்திறனாளிக் கலைஞர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் புறப்படும் மாணவருக்கு, ஊடகவியல் துறைகள் ஒரு வார்ப்பை முன்கூட்டியே கையளித்துவிடுகின்றன. முதலில் உடல்: கேமரா கால்களின்மீதோ கண்களின்மீதோ நெடுநேரம் நிற்கும். அடுத்து வீழ்ச்சி: தாயோ மனைவியோ கண்கலங்குவார். பிறகு புல்லாங்குழல் இசையோடு எழுச்சி. முடிவில் மேடை, பொன்னாடை, கைத்தட்டல். இவ்வளவுக்கும் நடுவே அக்கலைஞரின் ஓவியம் திரையில் நான்கு நொடி தங்கினால் அதுவே பெரிது. அவர் எந்த வண்ணத்தை ஏன் தேர்ந்தார், யாரிடம் பயின்றார், எவரோடு கலைவழியில் முரண்பட்டார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. இத்தகைய படத்துக்குச் ‘சுயாதீன ஆவணப்படம்’ என்று பெயர் சூட்டுவது அச்சொல்லுக்கு இழைக்கப்படும் அநீதி. நிதி தருவோரிடமிருந்து விடுதலை பெற்ற படம், வார்ப்பிடமிருந்து விடுதலை பெறவில்லை என்றால் அந்தச் சுயாதீனத்துக்கு என்ன பொருள்?

இச்சிக்கலை அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து நோக்கினால் அதன் வேர் துலங்கும். அத்தீவுகளில் கேமராவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1890களில் ஆங்கிலேய அதிகாரி எம்.வி. போர்ட்மன் அந்தமான் பழங்குடியினரை நிறுத்திவைத்து, உடலளவுகளைக் குறித்து, வரிசை வரிசையாக ஒளிப்படம் எடுத்தார். விடுதலைக்குப் பிறகு அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் அதே தீவுகளுக்குச் சென்றது. 1974இல் ‘மேன் இன் சர்ச் ஆஃப் மேன்’ என்ற படத்துக்காக வட சென்டினல் தீவை நெருங்கிய குழுவை அம்புகள் வரவேற்றன. ஓர் அம்பு இயக்குநரின் தொடையில் தைத்தது. 2012 சனவரியில் ஜாரவா பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி ஒன்றை லண்டனின் ‘அப்சர்வர்’ இதழ் வெளிக்கொணர்ந்தபோது நாடே தலைகுனிந்தது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதே 2012இல் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது.

பழங்குடியினரையும் மாற்றுத்திறனாளிகளையும் ஒரே தட்டில் வைப்பது இங்கு நோக்கமன்று. இருவர் முன்னும் நிற்கும் கேமராவின் பழக்கம் ஒன்றே என்பதுதான் கவனத்துக்குரியது. அது உடலைக் கண்டதும் கலையை மறக்கிறது, பெயரைக் கேட்கும் முன்பே வகையைத் தீர்மானிக்கிறது, எடுத்துக்கொண்டு கப்பலேறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வங்காளிகளும் தெலுங்கரும் ராஞ்சியிலிருந்து வந்தவர்களும் நிக்கோபாரியரும் வாழும் அந்நிலத்தில் ஒரு மாற்றுத்திறனாளிக் கலைஞரைப் படமாக்க நாளை ஓர் இளைஞர் செல்லக்கூடும். அவர் கையில் இருப்பது எந்தக் கேமரா என்பதே கேள்வி.

விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பு பாய்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1972இல், அதே ஃபிலிம்ஸ் டிவிஷனின் தயாரிப்பில் வேறொரு படம் வெளிவந்தது. சத்யஜித் ராய் இயக்கிய ‘தி இன்னர் ஐ’. இருபது நிமிட வண்ணப்படம். அதன் நாயகர் சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி. 1904இல் பிறந்தவர், பிறப்பிலேயே ஒரு கண் பார்வையற்றது, மறுகண் கடுமையான கிட்டப்பார்வை கொண்டது. கலாபவனத்தில் நந்தலால் போஸின் மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர். ஐம்பதுகளின் பிற்பாதியில் கண்புரை அறுவை பலனளிக்காமல் முற்றிலும் பார்வையிழந்தார். அதன் பின்னும் ஓய்ந்துவிடவில்லை: காகிதங்களைக் கத்தரித்து ஒட்டினார், சிற்பங்கள் வனைந்தார், கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரும் சுவரோவியம் அமைத்தார்.

இவ்வாழ்க்கையில் மேற்சொன்ன வார்ப்புக்குத் தேவையான எல்லாமே உண்டு. ராய் அதை மறுத்தார். படத்தின் பெரும்பகுதி ஓவியங்களுக்கே ஒதுக்கப்பட்டது. கேமரா சுவர்களின்மீது ஊர்கிறது; உருவங்கள் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கின்றன என்று ராயின் குரலே விளக்குகிறது. முதுமையில் பார்வையின்றி இயங்கும் கைகளைக் காட்டும்போதும் பார்வையாளரிடம் கண்ணீரை யாசிக்கவில்லை. பார்வையின்மையும் ஒரு புதிய அனுபவம், இருத்தலின் ஒரு நிலை என்ற கலைஞரின் கருத்தை அவருடையதாகவே நிறுத்தி, நிகில் பானர்ஜியின் சிதாரோடு படம் முடிகிறது.

இது எப்படி வாய்த்தது? ராய் 1940 முதல் 1942 வரை கலாபவனத்தில் பயின்றவர். பினோத் பிகாரி அவருடைய ஆசிரியர். மாணவர் ஆசிரியரைப் பார்த்த பார்வை அது. ஆகவே கேமரா அண்ணாந்து பார்த்தது. இரக்கம் எப்போதும் மேலிருந்து கீழே பார்க்கும்; கற்றுக்கொள்பவரால் அவ்வாறு பார்க்க இயலாது. ஓவியத்தின் தொழில்நுட்பம் அறிந்தவர் ஓவியரைப் பற்றிப் படம் எடுத்தார் என்ற எளிய உண்மையை ‘தன்னம்பிக்கைப் படம்’ எடுக்கும் எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இங்கே இன்னொன்றும் தெளிவாக வேண்டும். ‘நலமாக இருந்தார், விபத்து நேர்ந்தது, வென்றார்’ என்ற மூன்றங்க நாடகம் பினோத் பிகாரியின் விஷயத்தில் உண்மைக்கே புறம்பானது. 1946–47இல் அவர் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலப் பக்திக் கவிஞர்களின் வாழ்வை வரைந்தார். சுதை ஈரமாக இருக்கும்போதே, முழு அளவு முன்வரைவு ஏதுமின்றி வரைந்த அம்மாபெரும் ஓவியம் முழுப் பார்வையுள்ளவர் வரைந்ததன்று. பெரும் பரப்பைத் தள்ளி நின்று ஒருசேரக் காண இயலாத ஒருவர், சாண் சாணாக நகர்ந்து, நினைவாலும் கைப்பழக்கத்தாலும் முழுமையைக் கட்டினார். குறைபாடு அவர் கலையின் இடையில் வந்த சோகம் அன்று. தொடக்கம் முதலே அவர் தொழில்முறையின் ஓர் அங்கம். அதை ‘வீழ்ச்சி’ என்று படத்தொகுப்பில் வெட்டி வைப்பவர் கலைஞரின் முதல் ஐம்பது ஆண்டுகளையும் பொய்யாக்குகிறார்.

ராயின் படமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. ‘அகக்கண்’ என்ற தலைப்பே பழைய உருவகம்; புறக்கண் போனவருக்கு அகக்கண் திறக்கும் என்ற ஆறுதலை அது இன்னும் சுமக்கிறது. ஓடுகளின் விளிம்பை விரலால் அளந்தவரின் அறிவு தொடுகையின் அறிவு. அதைக் கண்ணின் இன்னொரு வடிவமாகவே சொல்ல வேண்டும் என்பது பார்வையுள்ளோரின் பிடிவாதம். தன்னைப் பற்றிய அந்தப் படத்தைப் பினோத் பிகாரியால் பார்க்க இயலாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். குரலாலும் இசையாலும் மட்டுமே அது அவரை எட்டியிருக்கும். 1972இல் அதற்கு மாற்று வழி அரிது. இன்று அந்தச் சாக்கு செல்லாது. பார்வையிழந்த ஜான் ஹல்லின் ஒலிநாடாக்களைக் கொண்டு உருவான ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னெஸ்’ 2016இல் பார்வையற்றோருக்கான தனி ஒலித்தடங்களுடன் வெளிவந்தது. 2020இன் ‘கிரிப் கேம்ப்’ படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் லெப்ரெக்ட் தாமே மாற்றுத்திறனாளி.

தமிழ் ஆய்வுலகம் இதை வெளியூர்க் கதை என்று ஒதுக்க முடியாது. இரட்டைப் புலவர்களில் ஒருவர் மற்றவரைத் தோளில் சுமந்த கதையை அறியாத தமிழ் மாணவர் இல்லை; அவர்களுடைய தில்லைக் கலம்பகத்தைப் படித்தவர் எத்தனை பேர்? வீரராகவ முதலியாரின் பெயருக்கு முன்னே ‘அந்தகக்கவி’ நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அவருடைய திருவாரூர் உலாவோ நூலகத்தின் பின்னடுக்கில் கிடக்கிறது. உடல் கதையாகவும் நூல் தூசாகவும் ஆவது இங்கே பழைய வழக்கம். ஆவணப்படம் அந்த வழக்கத்துக்குப் புதிதாக ஒரு கருவியை மட்டும் தந்திருக்கிறது.

எதிர்வாதங்கள் மூன்று.

முதலாவது, உணர்ச்சி இல்லாவிட்டால் பார்வையாளர் வரமாட்டார் என்பது. உணர்ச்சி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. யாருடைய பயனுக்காக என்பதே கேள்வி. மாற்றுத்திறனாளிகளை மற்றவர்கள் தம் வாழ்வு பரவாயில்லை என்று தேறிக்கொள்வதற்கான பொருளாக்குவதை, ஆஸ்திரேலியச் செயற்பாட்டாளர் ஸ்டெல்லா யங் ‘உத்வேக ஆபாசம்’ என்ற கடுமையான பெயரால் சுட்டினார். ‘ஆங்க் மிச்சோலி’ திரைப்படம் தொடர்பான வழக்கில் 2024 சூலையில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதையே வேறு சொற்களில் சொன்னது: மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாக்கவும் கூடாது, அதிமானுடராக உயர்த்திக் காட்டவும் கூடாது, அவர்களைப் பற்றிய எதுவும் அவர்கள் பங்கின்றி அமையக் கூடாது.

இரண்டாவது, கலைஞருக்குப் படத்தின்மீது உரிமை தந்தால் அது விளம்பரமாகிவிடும், சுயாதீனம் பறிபோகும் என்பது. இவ்வாதத்தில் ஒரு கண்கட்டு உண்டு. சுயாதீனம் என்ற சொல் தயாரிப்பாளர், தொலைக்காட்சி, அரசு ஆகியோரை எதிர்த்துப் பிறந்தது. அதைப் படத்தில் இடம்பெறும் எளிய மனிதருக்கு எதிராகத் திருப்புவது முறையன்று. பிழையான தகவலைத் திருத்தும் உரிமை, தன் உடல்சார்ந்த ஒரு காட்சியை நீக்கக் கோரும் உரிமை, செலவிட்ட நாள்களுக்கு ஊதியம் பெறும் உரிமை ஆகியவை கலைஞருக்கு உண்டு. அவருடைய கலையைக் கடுமையாக விமர்சிக்கும் உரிமை இயக்குநருக்கு உண்டு. ஒன்று மற்றொன்றைக் குலைப்பதில்லை. மாறாக, மாற்றுத்திறனாளியின் ஓவியத்தை ‘இந்த இடம் தோற்றிருக்கிறது’ என்று சொல்லத் துணியாத படமே அவரைக் கலைஞராக மதிக்காத படம்.

மூன்றாவது, குறைபாட்டைப் பேசாமல் விட்டால் அது மறைப்பு அல்லவா என்பது. உண்மை, மறைக்கவே கூடாது. ஆனால் அதை விதியாக அன்றி நிபந்தனையாகப் பேச வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் எந்த உயரம் வரை வரைகிறார், வண்ணம் வாங்கும் கடைக்குச் சாய்தளம் உண்டா, காட்சிக்கூடத்தின் படிகள் எத்தனை, தீவிலிருந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ ஓவியத்தைக் கப்பலில் அனுப்பும் செலவை யார் ஏற்கிறார் என்பவையே உடலைப் பற்றிய நேர்மையான கேள்விகள். இவை கண்ணீர் வரவழைப்பதில்லை, நிர்வாகத்தைச் சங்கடப்படுத்தும். அதனால்தான் வார்ப்பில் இவற்றுக்கு இடமில்லை.

சட்டம் ஓரளவு வழி திறந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆதரவளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. 42ஆம் பிரிவு மின்னணு ஊடகத்தில் ஒலி விவரிப்பு, சைகைமொழி, எழுத்து வரிகள் ஆகியவற்றைக் கோருகிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகளோ திரையரங்கில் ஓடும் முழுநீளப் படங்களோடு நின்றுவிட்டன. கல்லூரி அரங்கில் திரையிடப்படும் இருபது நிமிட ஆவணப்படம் அந்த எல்லைக்குள் வராது. ஃபிலிம்ஸ் டிவிஷனும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டு, தனி அமைப்பாக இல்லாமல் போயிற்று. எனவே இத்துறையின் அறத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு முன்னெப்போதையும்விடப் பல்கலைக்கழகங்களின் தோளில் இறங்கியிருக்கிறது.

அவை செய்யக்கூடியது எளிது. மாற்றுத்திறனாளிக் கலைஞரைப் பற்றிய படத்துக்கு ஒப்புதல் கோரும் மாணவர், படப்பிடிப்புக்கு முன் அக்கலைஞரின் படைப்புகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து அளிக்கட்டும். அந்தப் பட்டியல் இல்லையேல் ஒப்புதலும் இல்லை. கலைஞரோடு செய்துகொண்ட ஊதிய, உரிமை ஒப்பந்தம் ஆய்வேட்டின் பகுதியாகட்டும். ஒலி விவரிப்போ சைகைமொழியோ இல்லாத படம் முழுமையற்றதாகக் கருதப்பட்டு மதிப்பெண் நிறுத்திவைக்கப்படட்டும். முதல் திரையிடல் தலைநகர விழாவில் அன்றி, அந்தமானில் எடுத்தது அந்தமானிலேயே, கலைஞரின் அயலார் நடுவே நிகழட்டும்.

இவற்றை நிறைவேற்ற ஒரு வாரம் போதாது என்று மாணவர்கள் முறையிடக்கூடும். போதாதுதான். ஒரு கலைஞரை ஒரு வாரத்தில் எடுத்து முடிக்கலாம் என்ற எண்ணமே அவரைக் கலைஞராகக் கருதாததன் முதல் அடையாளம். ராய் வகுப்பில் அமர்ந்ததற்கும் படம் எடுத்ததற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலத்தை எவரும் கேட்கவில்லை. அந்த ஓவியங்களின் முன் ஒரு மாணவராகச் சில மாதங்கள் அமரும் பொறுமையைத்தான் கேட்கிறார்கள்.