அந்தியில் தடுமாறும் பிள்ளை



மஃரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளை வாசற்படியில் தடுக்கி விழுந்தால், "கண் என்ன பிடரியிலா இருக்கிறது?" என்று கடிந்து கொள்கிறோம். பகலெல்லாம் பம்பரம் விடும் பிள்ளை அந்தியில் மட்டும் தடுமாறுகிறதென்றால், கடிந்து பயனில்லை. அதன் கண்ணுக்குள் நடப்பதை நாம் அறிந்தாக வேண்டும்.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகை. பகலொளியையும் நிறங்களையும் காண்பவை கூம்புகள். ஒரு கண்ணில் ஏறத்தாழ 60 லட்சம். மங்கிய ஒளியில் காண்பவை கோல்கள். ஏறத்தாழ 12 கோடி. இக்கோல்களின் இயல்பு விந்தையானது. ஒளி பட்டால்தான் அவை விழித்தெழும் என்று எண்ணுவோம். உண்மையோ நேர்மாறு. இருளில் அவற்றின் நுண்வாயில்கள் திறந்து கிடக்கும். செல் அடுத்த நரம்புக்கு இடைவிடாது வேதிப்பொருளைச் சொரிந்து கொண்டிருக்கும். ஒளி பட்டதும் ரோடாப்சின் என்னும் நிறமிக்குள் வளைந்திருக்கும் ரெட்டினால் மூலக்கூறு நிமிர்கிறது, வாயில்கள் மூடுகின்றன, சொரிதல் குறைகிறது. அந்தக் குறைவே, ஒளி வந்தது என்னும் செய்தி!

நிமிர்ந்ததை மீண்டும் வளைத்துப் பொருத்த நேரம் பிடிக்கும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவருக்குப் பார்வை முழுதும் தெளிய அரைமணி நேரம் வரை ஆவது இதனால்தான்.

ரெட்டினால், வைட்டமின் ஏ சத்திலிருந்து உருவாவது. விழித்திரையில் அச்சத்து இருப்பதை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட், 1967-இல் நோபல் பரிசு பெற்றார். சத்துக் குறைந்தால் முதலில் சோர்வது கோல்களே. அதுவே மாலைக்கண். கவனியாது விட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே பறிபோகலாம், உயிருக்கும் ஆபத்துண்டு. நமக்கு அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

நாமக்கல்லிலிருந்து முட்டை லாரி லாரியாக வெளியூர் போகிறது. சேலத்து மாம்பழத்துக்கு விளம்பரம் வேண்டியதில்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறது. மூன்றிலும் இச்சத்தைப் பெறலாம். கீரையைச் சற்று எண்ணெய் விட்டுச் சமைத்தால்தான் உடல் அதை நன்கு ஏற்கும்.

எனினும் எல்லா மாலைக்கண்ணும் உணவால் தீர்வதன்று. பரம்பரையாகக் கோல்கள் அழிந்துபடும் நோயும் உண்டு. சொந்தத்திற்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அது கூடுதலாகக் காணப்படுகிறது. எனவே மாத்திரையை நாமே வாங்கிக் கொடுக்காமல் (அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்) பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சத்துக் குறைவுதான் காரணமென்றால், மருந்து உட்கொண்ட ஓரிரு நாட்களிலேயே அந்திப் பார்வை திரும்பத் தொடங்கும்.