சனியின் நிலாவில் கிருமி இருக்குமா?

வேற்றுக்கிரகவாசின்னாலே நம்ம வகுப்பில் பச்சை உடம்பு, பெரிய தலைதான் வரைகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் தேட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைத்தான்.

சனிக்கோளின் நிலா என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கி.மீ.தான்! மேலே பனிக்கட்டி, அடியில் உப்புத் தண்ணீர்க் கடல். தென்துருவ வெடிப்பு வழியாக அந்தத் தண்ணீர் பீச்சி அடிப்பதை 2005-இல் காசினி விண்கலம் கண்டது. உயிருக்கு அவசியமான பாஸ்பேட் (உரத்தில் இருக்கே, அதேதான்) அதில் இருப்பது 2023-இல் தெரிந்தது. உயிர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

எரிபொருள் தீரும் சமயம், பூமிக் கிருமி அங்கே தொற்றிவிடக் கூடாதென்று 2017-இல் காசினியைச் சனிக்குள்ளேயே விழவைத்து அழித்தார்கள். "இவ்வளவு செலவு பண்ணி வீணாக்கிட்டாங்களே" என்கிறாள் என் தோழி. நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம கிருமி அங்கே போய்விட்டால், பிறகு கிடைப்பது அங்கே பிறந்ததா, நாம் கொண்டுபோனதா என்று எப்படிடீ கண்டுபிடிப்பது?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி