கூட்டை எண்ணிவிட்டுப் பாலத்தைத் தொடுங்கள்

சாத்தூர் முதல் கயத்தாறு வரையிலான கரிசல் வட்டாரத்தில், எந்த ஓடைப் பாலத்திலும் பூச்சு, வண்ணம், பழுதுபார்ப்பு தொடங்கும் முன் அதன் அடியிலுள்ள பறவைக் கூடுகளை எண்ணிப் பதிய வேண்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கண்ணில் மட்டும் வேலையைத் தள்ளிவைக்க வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு. கழுகுமலை, குருமலை என அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பாறை தலைகாட்டும் இந்தச் சமவெளியில், உழவாரனுக்கும் தகைவிலானுக்கும் (ஊர்வாயில் இரண்டும் தரையில்லாக் குருவிதான்) பாலத்தின் அடிப்பரப்பே பாறை.

இங்கிலாந்தின் நியூகாசிலில், கடலிலிருந்து சுமார் 13 கி.மீ. உள்ளே, 1928இல் திறந்த டைன் பாலத்தில் கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஆண்டுதோறும் அவற்றை எண்ணிவருவதால்தான் 2024இல் தொடங்கிய சீரமைப்பில் அவற்றுக்கு இடம்விட்டு வேலையைத் திட்டமிட முடிந்தது. அங்கே நாள்காட்டியும் கைகொடுக்கும். ஆகஸ்ட் வாக்கில் பறவைகள் கடலுக்குத் திரும்பிவிடும். இங்கே அப்படியில்லை. தகைவிலான் ஈரமண்ணை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து ஒட்டிக் கூடு கட்டுகிறது. வானம் பார்த்த பூமியில் அந்த ஈரம் ஐப்பசி, கார்த்திகை மழையின் கையில் இருக்கிறது. ஒரு வருடம் மாசியிலும் கண்மாயில் தண்ணீர் கிடக்கும். இன்னொரு வருடம் மார்கழியிலேயே தரை வெடித்துவிடும். தேதி குறித்து ஆணை போட்டால் பாதி வருடங்களில் அது பொய்க்கும். நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கூடுகள் விரிசலை மறைக்கின்றன என்பார்கள். உண்மைதான். மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும் மண்ணில் நிற்கும் பாலத்துக்கு அது சின்ன விஷயமல்ல. எச்சம் குவிந்த இடத்தில் ஈரம் தங்கி இரும்பு துருவும். ஆகவே வெறுங்கூடுகளை அகற்றுவதையோ, ஆபத்தான பாலத்தில் அவசர வேலையையோ நாங்கள் எதிர்க்கவில்லை. மழைக்கு முன்னும் பின்னும் பாலத்தைப் பார்வையிடும் பொறியாளரின் படிவத்தில் கூடுகளுக்கென ஒரு வரி சேர்ந்தால் போதும், பெரிய செலவுமில்லை. இவை அபூர்வப் பறவைகள் அல்லவே என்ற கேள்விக்குத்தான் எங்களுக்குப் பொறுமை குறைவு. அபூர்வமாகும் வரை எண்ணாமல் இருந்தால், குறைந்ததே யாருக்கும் தெரியாது. அதோடு, இவை சிதறிக் கூடு கட்டுபவை அல்ல. ஒரே பாலத்தில் மொத்தமாகக் குடியிருப்பவை. ஒருநாள் தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த ஈட்டுக் குஞ்சுகள் அத்தனையும் போய்விடும். பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகளின் முட்டையைச் சிதைப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது.

முதற்கட்டமாக, அடுத்து ஒப்பந்தப்புள்ளி கோரும் பாலங்களில் இதைத் தொடங்கலாம். அந்தி நேரத்தில் வந்து எண்ணித்தர எங்கள் உறுப்பினர்கள் கூலியின்றித் தயார்.