அளாப்பியது யார்?

சென்ற வாரம் வெள்ளவத்தையில் எமது மாணவன் ஒருவனின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். கைத்தொலைபேசிக்கென அவன் தானே எழுதிய விளையாட்டொன்றை, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த மச்சாளுடன் மாறிமாறி விளையாடிக்கொண்டிருந்தான். மைதானத்தில் ஆங்காங்கே நிற்கும் பிரயாணிகளை முச்சக்கர வண்டியில் ஏற்றவேண்டும். குறித்த நேரத்தில் அதிகம் பேரை ஏற்றியவருக்கே வெற்றி.

“சேர், இவள் அளாப்புகிறாள். ஒவ்வொரு முறையும் வெல்கிறாளே!” என்று முறையிட்டான் மாணவன்.

“நான் அளாப்பவில்லை, சேர். மூலைப்பக்கமாக ஓட்டினால் வண்டி கூடிய வேகத்தில் போகிறது” என்றாள் அவள்.

வழக்கு எம்மிடம் வந்துவிட்டது. விசாரித்தோம்.

திரையின் ஓரத்தில் ஒரு வட்டம். அதன் நடுவே ஒரு குமிழ். ‘ஜோய்ஸ்டிக்’ என்னும் கைப்பிடிக்குப் பதிலாக வரையப்பட்ட படம் அது. பெருவிரல் குமிழை எத்திசையில் எவ்வளவு தூரம் இழுக்கிறதோ, அத்திசையில் அதற்கேற்ற வேகத்தில் வண்டி ஓடும். உண்மையான கைப்பிடியை அதன் கூடே தடுத்து நிறுத்தும். கண்ணாடித் திரையிலோ விரலைத் தடுப்பார் இல்லை. எனவே, எல்லையை நிரல் எழுதுபவரே வகுக்கவேண்டும்.

வட்டத்தின் ஆரை 50 அலகு. பக்கவாட்டில் 50க்கு மேற்படலாகாது, மேல்கீழாகவும் 50க்கு மேற்படலாகாது என்று மாணவன் விதித்திருந்தான். பார்வைக்கு நியாயமான விதியே. ஆனால், அவ்விதியால் அமைவது சதுரம். சதுரத்தின் மூலையோ நடுவிலிருந்து ஏறக்குறைய 70.7 அலகு தூரத்தில் உள்ளது. ஆகவே, மூலைப்பக்கம் ஓடும் வண்டிக்கு 1.41 மடங்கு வேகம் இனாமாகக் கிடைத்துவிட்டது! 1993இல் வெளிவந்த புகழ்பெற்ற ‘டூம்’ விளையாட்டிலும், முன்னோக்கி ஓடிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தால் வேகம் கூடும். இரு வேகங்களும் தனித்தனியே கணக்கிடப்பட்டதே காரணம்.

பரிகாரம் பைதகரசின் தேற்றத்தில் உள்ளது. விரல் வலப்புறம் 60, மேற்புறம் 80 அலகு சென்றுவிட்டது என்க. 60இன் வர்க்கம் 3600, 80இன் வர்க்கம் 6400, கூட்டினால் 10000. அதன் வர்க்கமூலமாகிய 100தான் விரல் சென்ற தூரம். ஆரையாகிய 50ஐ இத்தூரத்தால் வகுக்க, அரை வரும். இரண்டையும் அரையாற் பெருக்கினால் 30, 40. குமிழ் விளிம்பிலே சரியாக நிற்கும், திசையும் மாறாது. பழைய விதியில் 60, 80 என்பது 50, 50 ஆகித் திசையும் கோணிவிடும். விரல் வட்டத்தினுள்ளே இருக்கும்போது மட்டும் இக்கணக்கைச் செய்யலாகாது. செய்தால் மெல்ல இழுத்தவருக்கும் முழு வேகம் கிடைத்துவிடும்.

கட்டையில் கட்டிய ஆட்டுக்கு எப்பக்கம் போனாலும் கயிற்றின் நீளம் ஒன்றே. விதியும் அவ்வாறு இருத்தல் வேண்டும். அதில் ஓட்டையை விட்டுவிட்டு, கண்டுபிடித்தவரைக் கள்ளர் என்பது முறையன்று.

மாணவன் நிரலைத் திருத்தினான். மீண்டும் விளையாடினார்கள். அம்முறையும் மச்சாளே வென்றாள். அவன் வாய் திறக்கவில்லை.