பழைய பிளாட்டை வாங்குவதா, வாடகையிலேயே காலம் தள்ளுவதா?
மும்பைத் தமிழர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

(நமது கல்யாண் நிருபர்)

மும்பையிலும் தாணே மாவட்டத்திலும் வாழும் நம்மவர் குடும்பங்களில் தீபாவளி போனசுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடும் பேச்சு வீட்டைப் பற்றியதுதான். "மாதாமாதம் வாடகை கொடுத்து வீட்டுக்காரனை வாழவைப்பதைவிட, அதே பணத்தை பாங்க்குக்குக் கட்டினால் வீடு நமக்குச் சொந்தமாகுமே" என்பது ஒரு கட்சி. "இடிந்து விழப்போகும் கட்டடத்தில் ஆயுள் சேமிப்பைப் போடுவானேன்?" என்பது எதிர்க் கட்சி. இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

புதிய கட்டடங்கள் குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டுவதில்லை. ஆகவே நம்மவர் பார்வை டோம்பிவிலி, கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் பக்கம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த, லிப்ட் இல்லாத, நான்கு மாடிக் கட்டடங்களின் மீதே விழுகிறது. 2025ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 வரை இறக்கியதும் பலருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அதே ரெப்போ வட்டி 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது. இறங்கிய வட்டி ஏறவும் செய்யும். வீட்டுக் கடனோ இருபது ஆண்டு சமாச்சாரம்.

ஒரு மாதிரிக் கணக்கு

விலை ரூ. 35 லட்சம் உள்ள ஒரு பழைய பிளாட்டை எடுத்துக்கொள்வோம். அதே கட்டடத்தில் அதே அளவு பிளாட்டுக்கு வாடகை ரூ. 9,000, டெபாசிட் ரூ. 50,000 என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் தொகை மாறும். வாசகர்கள் தங்கள் பேட்டையின் தொகையைப் போட்டுப் பார்க்கலாம்.

30 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதம்வரைதான் பாங்க் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 30 லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்கு 90 சதவீதம்வரை இடமுண்டு. ஆயினும் பழைய கட்டடத்துக்கு அவ்வளவு கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது. 80 சதவீதம் என்றே வைத்தால் கடன் 28 லட்சம், கைப்பணம் 7 லட்சம். இதோடு முடிந்ததா? தாணே மாவட்ட மாநகராட்சிப் பகுதிகளில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். அது ரூ. 2,45,000. (மும்பை நகரில் 6 சதவீதம். பெண்கள் பெயரில் மட்டுமே வாங்கினால் 1 சதவீதம் சலுகை உண்டு.) பதிவுக் கட்டணம் ரூ. 30,000. சொஸைட்டி மாற்றுக் கட்டணம் அதிகபட்சம் ரூ. 25,000. அதற்கு மேல் நன்கொடை என்று கேட்டால் அது சட்டப்படியானதல்ல. புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் ரூ. 35,000. ஆக, சாவி கைக்கு வருமுன்னே கையைவிட்டுப் போவது ரூ. 10,35,000. பாங்க் இந்தச் சில்லறைச் செலவுகளுக்குக் கடன் தருவதில்லை. பலர் இடறி விழுவது இங்கேதான். ஏழு லட்சம் சேர்த்தவர் மீதி மூன்றரை லட்சத்துக்குக் கைமாற்று, நகை அடகு, சீட்டு என்று அலைகிறார்.

28 லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் இருபது ஆண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய ரூ. 23,420. முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் ரூ. 18,667. அசலில் கழிவது ரூ. 4,753தான். இருபது ஆண்டில் கட்டும் வட்டி மொத்தம் 28 லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது வாங்கிய கடனைப் போல இன்னொரு பங்கு. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணையும் மாதம் ரூ. 1,770 அளவுக்கு ஏறும்.

"வாடகை வீண், தவணை சேமிப்பு" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வட்டியும் திரும்பி வராத பணம்தான். முதல் ஆண்டில் திரும்பி வராத செலவைக் கூட்டுவோம். பாங்க் வட்டி ரூ. 2,22,000. சொஸைட்டி மாதச் செலவு 1,500 வீதம் ரூ. 18,000. வீட்டில் போட்ட 10,35,000 ரூபாயை டெபாசிட்டில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் கிடைத்திருக்கக் கூடிய வட்டி ரூ. 72,000. ஆக மொத்தம் ரூ. 3,12,000. வாடகைக்காரருக்கு வாடகை ரூ. 1,08,000, டெபாசிட்டின் வட்டி நஷ்டம் ரூ. 3,500, ஆக ரூ. 1,11,500. வித்தியாசம் ரூ. 2 லட்சம். வாங்கியவருக்கு இந்தத் தொகை ஈடாக வேண்டுமானால் 35 லட்ச ரூபாய் வீடு ஆண்டுக்கு ஏறக்குறைய 5.7 சதவீதம் விலை ஏறியாக வேண்டும். எல்லாக் கேள்வியும் இங்கே வந்துதான் நிற்கிறது: அந்தப் பழைய கட்டடத்தின் விலை அப்படி ஏறுமா?

விலை ஏறுவது எது?

கட்டடம் ஆண்டுக்காண்டு தேயும் பொருள். சிமெண்ட் உதிரும், கம்பி துருப்பிடிக்கும், மொட்டை மாடி ஒழுகும். விலை ஏறுவது அடியில் இருக்கும் மண்தான். ஆகவே பழைய பிளாட் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "மண் யார் பெயரில் இருக்கிறது?" என்பதே.

மகாராஷ்டிரத்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிளாட்டுகளை விற்றுச் சொஸைட்டி பதிவானபின் பில்டர் நிலத்தையும் கட்டடத்தையும் சொஸைட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குக் 'கன்வேயன்ஸ்' என்று பெயர். ஆனால் ஏராளமான பில்டர்கள் எழுதிக் கொடுக்காமலே இருந்துவிட்டார்கள். இதனால்தான் 2008இல் சட்டத்தைத் திருத்தி, பில்டர் வராவிட்டாலும் அதிகாரியிடம் மனுச் செய்து 'டீம்ட் கன்வேயன்ஸ்' பெறலாம் என்று அரசு வழி செய்தது. கன்வேயன்ஸ் ஆகாத சொஸைட்டியில் பிளாட் வாங்குகிறவர் தேயும் சுவரை வாங்குகிறார். ஏறும் மண்ணின் மீது அவருடைய பிடி முழுமையாக இல்லை.

பகடி அறைகளின் கதை வேறு. தென் மும்பையிலும் மாட்டுங்கா, தாதர் பக்கமும் "மலிவு" என்று சொல்லப்படும் பல அறைகள் பகடியில் உள்ளவை. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பால் வளர்ந்த முறை அது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பகடி வாங்குவதையும் கொடுப்பதையும் அனுமதித்தது. ஆனால் பகடி கொடுத்தவர் வாடகைதாரரே; சொந்தக்காரர் அல்ல. கைமாற்றும்போது வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். பாங்க் கடனும் சாதாரணமாகக் கிடைக்காது.

இடிபாடுகள் சொல்லும் பாடம்

2013 ஏப்ரல் 4ஆம் தேதி மும்ப்ராவில் அனுமதியின்றி எழுந்த கட்டடம் சரிந்து 74 பேர் மாண்டனர். 2020 செப்டம்பரில் பிவண்டியில் பழைய கட்டடம் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 மே மாதம் உல்லாஸ்நகரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு கட்டடங்களில் மாடித் தளங்கள் பெயர்ந்து கீழ்வீடுகளின் மேல் விழுந்தன. 2025 ஆகஸ்டில் விராரில் 17 பேர் உயிரிழந்தனர். செத்தவர்களில் சொந்த வீட்டுக்காரர் என்றும் வாடகைக்காரர் என்றும் பேதமில்லை. ஆனால் ஆபத்து தெரிந்ததும் வாடகைக்காரர் மூட்டையைக் கட்டலாம். கடன் வாங்கியவர் கால் எழாமல் நிற்பார். வீடு இடிந்தாலும் பாங்க் தவணை இடியாது.

அனுமதிச் சீட்டு இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. டோம்பிவிலி வட்டாரத்தில் 65 கட்டடங்களுக்குப் போலி அனுமதிச் சீட்டுகளைக் காட்டி ரேரா பதிவு எண்ணே வாங்கியிருந்தார்கள். அவற்றை இடிக்க 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே வாங்கியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள். ஆகவே காட்டப்படும் காகிதத்தை மாநகராட்சி அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

மும்பை மாநகராட்சிச் சட்டப்படி முப்பது ஆண்டு கடந்த கட்டடங்கள் உறுதித் தணிக்கை செய்துகொள்ள வேண்டும். தணிக்கையில் 'சி-1' என்று வந்தால் உடனே காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம் என்று பொருள். அறிக்கையைக் காட்டத் தயங்கும் சொஸைட்டியில் வாங்கத் தயங்குவதே நல்லது.

'ரீடெவலப்மெண்ட்' ஆசை

பழைய கட்டடத்தை விற்கும் புரோக்கர் தவறாமல் சொல்லும் வாக்கியம், "ரீடெவலப்மெண்ட் வரப்போகிறது, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கலாம்" என்பது. நடந்த இடங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு அரசு வழிகாட்டுதலின்படி உறுப்பினர்களில் 51 சதவீதத்தினர் சம்மதித்தால் சொஸைட்டி இதில் இறங்கலாம். ஆனால் மண்ணின் விலை உயர்ந்த இடத்துக்குத்தான் பில்டர் ஓடி வருவார். செம்பூரிலும் முலுண்டிலும் நடந்தது அம்பர்நாத்திலும் நடக்கும் என்று எண்ணி விலை கொடுக்கலாகாது. தொடங்கியதெல்லாம் முடிவதுமில்லை. கோரேகாவ் பத்ரா சாலில் 2008இல் தொடங்கிய திட்டத்துக்காக 672 குடும்பங்கள் இடத்தைக் காலி செய்தன. பத்தாண்டுக்கு மேலாகியும் அவர்களுக்கு வீடு வரவில்லை. இடையில் வாடகைத் தொகையும் நின்றுபோயிற்று.

வாடகைக்கும் வலி உண்டு

இவ்வளவும் சொன்னதால் வாடகை சொர்க்கம் என்று பொருளல்ல. இன்றைய வாடகை பழைய பகடி போன்றதல்ல. 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறை. பதினோரு மாதம் முடிந்ததும் புதுப்பிக்க மறுத்தால் கிளம்ப வேண்டியதுதான். கெடு கடந்து தங்கினால் இரட்டிப்புத் தொகை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ரேஷன் அட்டை முகவரி, வேலைக்குப் போகும் ரயில் நேரம் எல்லாம் ஒவ்வொரு முறையும் கலைகின்றன. பேச்சைக் கேட்டதும் "வீடு இல்லை" என்று கதவடைக்கும் வீட்டுக்காரர்களையும் நம்மவர் பலர் பார்த்திருக்கிறார்கள். சொந்தச் சுவர் தரும் நிம்மதிக்குக் கணக்கில் தொகை போட முடியாது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் அதை வாங்க வேண்டும்.

வாடகையில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்படி வற்புறுத்த வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. பதிவு இல்லாவிட்டால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, எதிராக நிரூபிக்கப்படாதவரை, செல்லும் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இது பலருக்குத் தெரியாத பாதுகாப்பு.

இன்னொரு விஷயம். மேலே சொன்ன கணக்கில் தவணையும் சொஸைட்டிச் செலவும் சேர்ந்து மாதம் ரூ. 24,920. வாடகை போக மிச்சம் ரூ. 15,920. இதை மாதாமாதம் ரெக்கரிங் டெபாசிட்டிலோ பிராவிடண்ட் பண்டிலோ போடுகிறவருக்குத்தான் வாடகை லாபம். ஆண்டுக்கு ரூ. 1,91,000 சேரும். போடாமல் டி.வி.க்கும் பைக்குக்கும் செலவழிப்பவர் இருபது ஆண்டு கழித்து வீடுமின்றி, பணமுமின்றி நிற்பார். பாங்க் தவணைக்கு ஒரு குணம் உண்டு. அது கழுத்தைப் பிடித்துச் சேமிக்க வைக்கும். தன்னால் சேமிக்க முடியாது என்று தெரிந்தவருக்கு அந்தக் கெடுபிடியே லாபமாகலாம்.

யாருக்கு எது?

ஒரு எளிய அளவுகோல்: வீட்டு விலையை ஓராண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். நமது மாதிரியில் 35 லட்சத்தை 1,08,000ஆல் வகுத்தால் 32 வருகிறது. முப்பதுக்கு மேல் என்றால் வாடகையே மேல். இருபதை ஒட்டி வந்தால், விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினாலே போதும்; வாங்க யோசிக்கலாம். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும் 9,000 ரூபாய் வாடகை 23,880ஐ எட்ட இருபது ஆண்டு ஆகும் என்பதையும் மனதில் கொள்க.

அடுத்து, எத்தனை ஆண்டு இங்கே இருக்கப் போகிறீர்கள்? ஏழெட்டு ஆண்டில் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ திரும்பப் போகிறவர்கள் வாங்குவது வீண். முத்திரைத் தீர்வையும் புரோக்கர் கூலியுமே லாபத்தைத் தின்றுவிடும். ஊரில் வீடு கட்டிவிட்டு இங்கேயும் கடனில் வாங்குவது இரட்டைச் சுமை. பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலை தேடப் போகிறார்கள் என்றால் நிலைமை வேறு. குவார்ட்டர்ஸில் இருப்பவர்களும், ஓய்வுபெற்ற சில மாதங்களில் அதைக் காலி செய்ய வேண்டும் என்பதை நாற்பது வயதிலேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஐம்பத்தைந்தில் இருபது ஆண்டுக் கடன் கிடைப்பது கடினம்.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஐந்தைப் பார்க்க வேண்டும்: நிலம் சொஸைட்டி பெயரில் இருக்கிறதா, மாநகராட்சி அனுமதியும் குடியேற்றச் சான்றிதழும் உண்மையானவையா, முதல் சொந்தக்காரரிடமிருந்து இன்றுவரை எல்லா ஒப்பந்தங்களும் முத்திரையிட்டுப் பதிவாகியுள்ளனவா, தணிக்கை அறிக்கை என்ன சொல்கிறது, சொஸைட்டியின் பழுதுபார்ப்பு நிதியில் பணம் இருக்கிறதா. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. நிதி காலியாக இருந்தால், குடியேறிய ஆறாவது மாதமே "பழுதுபார்க்க ஆளுக்கு ஒரு லட்சம்" என்று நோட்டீஸ் வரும்.

இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வீடு மலிவல்ல. ஐந்தும் சரியாக இருந்து, வகுத்த கணக்கும் ஒத்துவந்து, சாவி வாங்கியபின் ஆறு மாதத் தவணைக்குக் கையில் பணமும் மிஞ்சினால் தயங்க வேண்டாம். இல்லையேல், வாடகைக்காரர் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவும் வேண்டாம்.